மானிட்டருக்கு வைத்த பொட்டு

பழவங்காடியில் ஆறுமுகம் அண்ணாச்சியின் அச்சகத்துக்குள் நான் நுழைந்தபோது, கம்ப்யூட்டர் திரையில் ஒரு மணப்பெண் சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் வலது கன்னத்தில் மூன்று பொட்டுகள் வரிசையாக இருந்தன.

படத்தில் ஏதோ கோளாறு என்றுதான் முதலில் நினைத்தேன். கிட்டே போய்ப் பார்த்தால் பொட்டு படத்தில் இல்லை, கண்ணாடியில் இருந்தது. பெண்கள் நெற்றியில் ஒட்டிக்கொள்ளும் மெரூன் நிற ஸ்டிக்கர் பொட்டு. சரஸ்வதி பூஜை முடிந்து சில நாட்கள்தான் ஆகியிருந்தன. கம்ப்யூட்டருக்குச் சந்தனம் தடவி மாலை போடுகிற ஊர் இது. யாரோ பக்தி மிகுந்து ஒட்டிவிட்டார்கள் என்று நகத்தால் சுரண்டப் போனேன்.

"சேச்சி, எடுக்கண்டா!"

அச்சகத்தின் ஆபரேட்டர் ஷைலஜா டீ கிளாஸோடு ஓடி வந்தாள். பாறசாலைப் பக்கத்துப் பெண். தமிழும் மலையாளமும் அவள் வாயில் ஒன்றாகவே வரும்.

"அத எடுத்தா அண்ணாச்சி என்னையும் சேத்து வெளிய எடுத்துக் களையும். இருங்க, காட்டித் தாறேன்."

மவுஸைப் பிடித்து 'படம்' என்ற மெனுவைத் திறந்தாள். பட்டியல் கீழே இறங்கியது. மூன்று பொட்டுகளும் கடைசி வரியின் மேல் கச்சிதமாக உட்கார்ந்துகொண்டன. அடியில் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்குப் பார்க்காமலே தெரியும். எழுதியவள் நான்தான்.

'இறப்பு அறிவிப்புப் படம்.'

முந்தின நாள்தான் அண்ணாச்சி எங்கள் முதலாளிக்குப் போன் செய்து, "ஒங்க பெட்டிய எடுத்துட்டுப் போயிருங்க" என்று சொல்லியிருந்தார். பெட்டி போனால் நானும் போக வேண்டியதுதான். ஏன் என்று சொல்கிறேன்.

லாட்ஜ் மாடியில் ஒரு கம்பெனி

தொடரை இடையில் பிடித்தவர்களுக்காக ஒரு வார்த்தை. தம்பானூர் பஸ் ஸ்டாண்டுக்கு அருகே ஒரு சந்தில், லாட்ஜ் ஒன்றின் மாடியில் எங்கள் கம்பெனி இருந்தது. கீழே அறை எடுத்தவர்கள் வழி தவறி மேலே வந்து எங்களிடம் வெந்நீர் கேட்பார்கள். சில நாள் கொடுத்தும் இருக்கிறோம்.

முதலாளி சுகுமாரன் சார். அச்சகங்களும் ஸ்டூடியோக்களும் படம் திருத்தவும் கார்டு அமைக்கவும் ஒரு மென்பொருள் செய்துகொண்டிருந்தோம். 'வர்ணப்பெட்டி' என்று பெயர். வாங்கியவர்கள் பெட்டி என்றே சொன்னார்கள்.

வெளிநாட்டு மென்பொருள்கள் அப்போதே எல்லாக் கடைகளிலும் இருந்தன. யாரும் காசு கொடுத்து வாங்கியதில்லை என்பது வேறு விஷயம். ஓசியில் கிடைப்பதோடு நாம் எப்படிப் போட்டி போடுவது? மெனுவை இந்த ஊர்க்காரர்களுக்குப் புரிகிற மாதிரி எழுதுவது ஒன்றுதான் வழி என்று சார் கண்டுபிடித்தார். மலையாளத்தில் ஒன்று. நாகர்கோவில், திருநெல்வேலிப் பக்கம் விற்பதற்குத் தமிழில் ஒன்று. தமிழுக்கு என்னை எடுத்தார்.

என் தகுதி பெரிதாக ஒன்றுமில்லை. கணக்கில் பட்டம், ஒரு கம்ப்யூட்டர் டிப்ளமா, வீட்டில் பேசும் தமிழ். வேலை நிரந்தரமாகவில்லை. அண்ணாச்சி பழவங்காடியில் பழம் தின்று கொட்டை போட்ட அச்சகக்காரர். பெட்டி அவர் கடையில் சோதனைக்குத்தான் ஓடிக்கொண்டிருந்தது. அவர் அதை வாங்கினால் நாகர்கோவில் அச்சகக்காரர்கள் பாதிப் பேர் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவார்கள். அவர் வேண்டாம் என்றால் தமிழ் மெனுவையே நிறுத்திவிடுவதாக சார் சொல்லியிருந்தார். மெனு நின்றால் அதை எழுதுகிறவளுக்கு அங்கே என்ன வேலை?

சஜனின் மூன்று எண்கள்

மென்பொருளை எழுதியவன் சஜன். கொல்லத்துக்காரன். கெட்டிக்காரன். அது அவனுக்கும் தெரியும், அதுதான் தொல்லை.

வண்ணப் படத்தைக் கறுப்பு வெள்ளை ஆக்குகிற வேலை ஒன்று உண்டு. சஜன் அதற்கு வைத்திருந்த பெயர் 'எய்ட் பிட் கிரேஸ்கேல் கன்வெர்ஷன்'. அதை அமுக்கினால் ஒரு கட்டம் வந்து மூன்று எண்களைக் கேட்கும். சிவப்பில் எத்தனை பங்கு, பச்சையில் எத்தனை, நீலத்தில் எத்தனை என்று. கடை கடையாகப் போய் உட்கார்ந்து பார்த்தேன். ஒருவர்கூட அதைப் படிக்கவில்லை. கட்டம் வந்த உடனே ஓகே. கோயிலைத் தாண்டும்போது கை தானாகக் கன்னத்துக்குப் போகுமே, அந்த மாதிரி.

"சஜன், இந்தக் கட்டத்தைத் தூக்கிடலாம்" என்றேன்.

"தூக்கவா? கோமதி, அந்த மூணு நம்பர் சரியா வர ஞான் எத்ர கஷ்டப்பட்டுன்னு அறியுமோ?"

"அதான் சரியா வந்துட்டுல்லா. பின்ன எதுக்கு அவங்ககிட்ட கேக்கணும்?"

"பின்னே ஞான் செய்தது ஆரு காணும்?"

அதைக் கேட்டபோது அவன் முகம் சின்னப் பிள்ளையுடையதாகிவிட்டது. பாவமாகத்தான் இருந்தது. ஆனால் நான் விடவில்லை. சோறு வடித்தவள் கஞ்சித் தண்ணியையும் பந்தியில் கொண்டுவந்து காட்ட வேண்டுமா என்று கேட்டேன்.

"கஞ்ஞிவெள்ளம் நல்லதல்லே?" என்றான்.

மலையாளியிடம் கஞ்சியைக் குறைத்துப் பேசியிருக்கக் கூடாது. அதற்குப் பிறகு கொஞ்ச நாள் அவன் என்னோடு பேசவில்லை. கடைசியில் கட்டத்தை 'மேலும்' என்ற சின்னப் பொத்தானுக்குப் பின்னால் வைத்தோம். வேண்டுகிறவன் திறந்து பார்க்கட்டும். ஒருவனும் திறக்கவில்லை.

பெயர் வந்த வழி

கட்டத்தை ஒளித்தாயிற்று. இனி பெயர். சுகுமாரன் சார் எனக்கு ஒரே விதிதான் சொல்லியிருந்தார். "கம்ப்யூட்டர் என்ன செய்யுதுன்னு எழுதண்டா. ஆளு எந்தினு வேண்டி அமர்த்துறான்னு எழுது."

அமர்த்துவது என்றால் எங்கள் ஊரில் அமுக்குவது. விதி எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. தம்பானூரில் ஒரு ஸ்டூடியோவில் போய் உட்கார்ந்து, இந்தக் கறுப்பு வெள்ளையை எதற்கு அமர்த்துகிறார்கள் என்று கவனித்தேன். கல்யாணம், பாஸ்போர்ட், பிறந்தநாள் எல்லாம் கலரில் போயின. பத்திரிகைக்குக் கொடுக்கும் மரண அறிவிப்புப் படம் மட்டும் கறுப்பு வெள்ளை.

"வேற எதுக்காவது இத எடுப்பீங்களா?" என்று கேட்டேன்.

"மரிச்சவங்களுக்குத்தான் சேச்சி. ஜீவனோட இருக்கவங்களுக்கு எதுக்கு?" என்றான் அங்கிருந்தவன்.

உடனே எழுதிவிட்டேன். 'இறப்பு அறிவிப்புப் படம்.' தெளிவோ தெளிவு. சார் கை தட்டினார். எதற்கும் உதட்டைப் பிதுக்கும் சஜன்கூட "கிளியர்" என்றான். அன்று மாலை நான் நடந்துபோன நடையை யாராவது பார்த்திருந்தால் சிரித்திருப்பார்கள்.

வீட்டுத் தமிழ்

இத்தனைக்கும் நான் எந்த வீட்டில் வளர்ந்தவள் என்று பாருங்கள்.

அப்பா சாலைக் கடைத் தெருவில் ஓர் அரிசி மண்டியில் கணக்கு எழுதினார். அங்கே அரிசி தீர்ந்தால் தீர்ந்தது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். "நெறஞ்சிருக்கு" என்பார்கள். புதிதாக வந்த வாடிக்கையாளர் ஒருவர், அப்படியானால் இரண்டு மூட்டை போடுங்கள் என்று நின்றுகொண்டேயிருந்த கதையை அப்பா சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

வீட்டிலும் அதே. அம்மா விளக்கை அணைக்க மாட்டாள், குளிர வைப்பாள். வெளியே கிளம்புகிறவர் "போறேன்" என்று சொல்லிவிட்டால், அவரைத் திரும்பக் கூப்பிட்டு "வாறேன்" சொல்ல வைத்துத்தான் அனுப்புவாள். பஸ் போனாலும் சரி. சின்ன வயதில் "ஏன் எல்லாத்தையும் மாத்தி மாத்திச் சொல்லுதீங்க?" என்று கேட்டு மண்டையில் குட்டு வாங்கியிருக்கிறேன்.

இவ்வளவும் தெரிந்தவள்தான் அந்த வரியை எழுதினேன். ஆபீஸ் வாசலில் செருப்பைக் கழற்றிப் போடுவது எங்கள் வழக்கம். வீட்டுத் தமிழையும் அங்கேயே கழற்றிவிட்டு உள்ளே போயிருக்கிறேன் போல.

மாமா படித்தார்

என்ன நடந்தது என்பதை ஷைலஜா டீ குடித்துக்கொண்டே சொன்னாள்.

ஸ்ரீவராகத்திலிருந்து ஒரு மாமாவும் மாமியும் வந்திருக்கிறார்கள். மாமா அரசாங்க உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்று எத்தனையோ காலம் ஆகிவிட்டது. எண்பது நிறைந்து சதாபிஷேகம் நடக்கப் போகிறது. அதற்குப் பத்திரிகை அடிக்க வேண்டும். இருவரும் சேர்ந்து நிற்கும் வண்ணப் படம் ஒன்றைக் கொண்டுவந்திருந்தார்கள். அது நாள்பட்டுச் சிவப்பேறிப் போயிருந்தது. பத்திரிகை ஒரே மையில் அச்சாவது. அதற்குப் படத்தைக் கறுப்பு வெள்ளை ஆக்கியே தீர வேண்டும். ஒரே மையில் அடிக்கிற அச்சகத்தில் எல்லாப் படத்துக்கும் அந்த வேலை உண்டு என்பதை ஸ்டூடியோவில் உட்கார்ந்து பார்த்த எனக்கு எப்படித் தெரியும்?

எங்கள் ஊர் அச்சகங்களில் இன்னொரு வழக்கம். படத்தைக் கொடுத்துவிட்டு யாரும் வீட்டுக்குப் போக மாட்டார்கள். ஆபரேட்டர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, "அந்த மூக்கைக் கொஞ்சம் வெளுப்பாக்கு", "சேலை மடிப்பைச் சரியாக்கு" என்று கடைசி வரை சொல்லிக்கொண்டே இருப்பார்கள். அண்ணாச்சி அதற்கென்றே இரண்டு ஸ்டூல் வைத்திருந்தார். இங்கிலீஷ் மெனு இருந்தவரை ஸ்டூலில் இருப்பவருக்கு ஒன்றும் புரியாது. எங்கள் மெனு அவருக்கும் புரிந்தது. நான் ஆபரேட்டருக்காக எழுதினேன். ஸ்டூலில் இருப்பவர் என் கணக்கிலேயே இல்லை.

மாமாவுக்கு ஒரு பழக்கம். எழுத்து எங்கே இருந்தாலும் வாய்விட்டுப் படிப்பார். பஸ் போர்டு, கடைப் பலகை, மாத்திரை அட்டை எதையும் விட மாட்டார். ஷைலஜா மெனுவைத் திறந்தாள். பட்டியல் சரியாக அவர் முகத்தின் மேல் இறங்கியது. மாமா படித்தார்.

"வெளிச்சம் கூட்டு... கறை நீக்கு... ஓரம் வெட்டு... இறப்பு அறிவிப்புப் படம்."

ஷைலஜாவின் விரல் அவள் புத்தியை விட வேகம். அதற்குள் அமர்த்திவிட்டாள். படத்திலிருந்து நிறம் வடிந்தது. இரண்டு பேரும் சாம்பலாக நின்றார்கள்.

"அடேடே, இதுக்குள்ளயேவா?" என்று மாமா விழுந்து விழுந்து சிரித்திருக்கிறார். "சதாபிஷேகச் சாப்பாடாவது சாப்பிட விடும்மா!"

மாமி சிரிக்கவில்லை. எழுந்து படத்தைக் கையில் வாங்கிக்கொண்டு படியிறங்கிவிட்டாள்.

ஸ்ரீவராகத்துத் தெருக்களில் விஷயம் பரவ எத்தனை நேரம் ஆகும்? கல்யாணப் பத்திரிகைக்குச் சொல்லிவைத்திருந்த இரண்டு வீட்டார் வேறு அச்சகத்துக்குப் போய்விட்டார்கள். தினமும் பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டுத்தான் கடை திறக்கிறவர் அண்ணாச்சி. அவர் எங்களுக்குப் போன் செய்ததில் ஆச்சரியம் இல்லை. பெட்டியை எடுக்க ஆள் வரும்வரை வேலை நிற்கக் கூடாதே என்று ஷைலஜா தன் பையிலிருந்த பொட்டு அட்டையை எடுத்திருக்கிறாள்.

"இப்ப எல்லாரும் பொட்டப் பாத்து, ஐஸ்வர்யமா இருக்குன்னு சொல்லுதாங்க சேச்சி" என்றாள். மணப்பெண் படத்தை மவுஸால் இழுத்து, நடுப்பொட்டு நெற்றிக்கு நேரே வரும்படி வைத்தும் காட்டினாள்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

பெயரில்லாத இழுப்பறை

அண்ணாச்சி கோயிலிலிருந்து வந்தார். என்னைப் பார்த்து "இரி" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தன் நாற்காலியில் உட்கார்ந்தார். ரேடியோவில் மலையாளப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. சுவரோரம் மாதிரிப் பத்திரிகைகளின் ஆல்பங்கள். ஒவ்வொன்றின் முதுகிலும் பெயர். கல்யாணம், காதுகுத்து, சடங்கு, புதுவீடு.

அப்போது ஒருவர் படியேறி வந்தார். சவரம் செய்யாத முகம், தோளில் துண்டு. வந்தவர் ஒன்றும் சொல்லாமல் நின்றார்.

எல்லோரிடமும் சத்தம் போட்டே பேசுகிற அண்ணாச்சி, கையை நீட்டி ரேடியோவைத் தணித்தார். "என்ன கார்டு வேணும்?" என்று கேட்கவில்லை. குனிந்து, தன் காலடியில் இருந்த இழுப்பறையைத் திறந்தார். அதில் பெயர் எதுவும் இல்லை. கறுப்புக் கரை போட்ட இரண்டு மாதிரிகளை எடுத்து மேஜையில் வைத்தார். வந்தவர் ஒன்றைத் தொட்டுக் காட்டினார்.

"பேரு, ஊரு மட்டும் எழுதிக் குடுங்க. காலைல தாரேன்" என்றார் அண்ணாச்சி.

வந்தவர் எழுதிக் கொடுத்துவிட்டு இறங்கிப் போனார். நடந்தது இவ்வளவுதான். அந்த வார்த்தையை இருவரில் ஒருவரும் சொல்லவில்லை.

அந்த இழுப்பறையை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். கழிவுக் காகிதம் போடுவது என்று நினைத்திருந்தேன். நான் தேடிக்கொண்டிருந்த மெனு அங்கே இருந்தது.

அண்ணாச்சி ரேடியோவைக் கூட்டிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"பிள்ளே, ஒன் மேல எனக்குக் கோவம் ஒண்ணும் கெடையாது. பெட்டி நல்ல பெட்டிதான். ஷைலஜாவும் அதத்தான் சொல்லுதா. ஆனா அந்த மாமி மனசு சங்கடப்பட்டு எறங்கிப் போனது என் படியில லா?"

"சரி பண்ணிருதேன் அண்ணாச்சி. ஒரு வாரம் குடுங்க."

"நீ சரி பண்ணி எனக்குக் காட்டாண்டாம். அந்த மாமி வந்து இதே ஸ்டூல்ல இருந்து, சதாபிஷேகப் பத்திரிகைய அடிச்சு வாங்கிட்டுப் போவட்டும். பொறவு பெட்டி இங்கயே இருக்கும். இல்லேன்னா நீயே வந்து தூக்கிட்டுப் போயிரு."

சஜன் கேட்டது

ஆபீஸுக்குப் போனதும் சஜனிடம் இரண்டு மாற்றம் சொன்னேன். நிறத்தை எடுக்கிற வேலைக்கு 'சிங்கிள் கலர்' என்று பெயர். அச்சகத்தில் எல்லோரும் வாயால் சொல்வது அதைத்தான். பெட்டிக்குள் மற்ற கார்டுகளோடு கலந்து கிடந்த கறுப்புக் கரை, விளக்கு, மாலை போட்ட கார்டு மாதிரிகளையெல்லாம் தனியாகப் பிரித்துப் பட்டியலின் அடியில் வைத்து, அதற்கு 'மற்றவை' என்று பெயர்.

முதலாவதற்குச் சரி என்றான். இரண்டாவதற்குத் துள்ளினான்.

"மற்றவையா? பேரு வைக்க அறியாத்தவன் வைக்குற பேரல்லே அது? அதில் எந்தா உள்ளதுன்னு ஆளுக்கு எப்படித் தெரியும்?"

"தேவைப்படுறவங்களுக்குத் தெரியும்."

"தேவைப்படாதவங்களுக்கு?"

"தெரியாண்டாம்."

திரையில் இருந்த 'மேலும்' பொத்தானைத் தொட்டுக் காட்டினான். "அப்போ, எண்டெ மூணு நம்பர ஒளிச்சு வச்ச போல" என்றான்.

"அதேதான்."

பிறகு அவனாகவே ஒன்று சொன்னான். அவன் கல்லூரியில் படிக்கும்போது அப்பா இறந்துவிட்டாராம். அப்பா உட்காரும் நாற்காலி இன்னும் வீட்டில் இருக்கிறது. அம்மா அதை "ஆ கசேர" என்றுதான் சொல்வாளாம். அந்த நாற்காலி. யாருடையது என்று சொல்வதில்லை. வீட்டில் யாருக்கும் குழப்பமும் வந்ததில்லை. சொல்லிவிட்டு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்தான். சாயங்காலத்துக்குள் புதிய மெனு அடங்கிய பிளாப்பி என் கையில் இருந்தது.

ஸ்ரீவராகத்தில் ஒரு காபி

மாமியின் வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. பக்கத்துத் தெருவில்தான் நாங்கள் வாடகைக்கு இருந்தோம். யார் என்று சொன்னதும் திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்துக் காபி கொடுத்தாள். மாமா உள்ளறையில் செய்தித்தாளைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தார்.

"அவருக்கு எல்லாம் வேடிக்கை. நேக்குப் பயம், கொழந்தே" என்றாள் மாமி. "ராத்திரி இருமினார்னா நான் எழுந்து உக்காந்துடுவேன். எங்க ரெண்டு பேருக்கும் வேற யாரு இருக்கா? அப்படி இருக்கச்சே, அவர் மூஞ்சி மேலேயே அந்த எழுத்து வந்து நின்னுதே. அவர் வேற அதை வாயால படிச்சுட்டாரே."

குழந்தை இல்லாத வீடு என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. மெனு, நாகர்கோவில் அச்சகங்கள், என் வேலை எல்லாம் மறந்தே போயிற்று.

"இப்ப அந்த எழுத்து இல்ல மாமி" என்றேன்.

"அழிச்சுட்டியா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. "பேர எடுத்துட்டேன். அந்தச் சாமான அடியில கொண்டு வச்சிருக்கேன். எழுதி வைக்கல" என்றேன்.

மாமி என்னைப் பார்த்தாள். கோபிக்கப் போகிறாள் என்று தோன்றியது.

"வேணுமே" என்றாள். "அதுவும் ஒரு நாள் வேண்டியிருக்குமே. இல்லேன்னா ஆகுமா?" பிறகு உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள். "கேட்டேளா? பத்திரிகை அடிக்கப் போகணும். ராகுகாலம் எப்போன்னு பாருங்கோ."

"பத்தரை டு பன்னெண்டு" என்று உள்ளேயிருந்து படித்தார் மாமா.

ஸ்டூலில் இருவர்

அவர்கள் வந்தபோது நானும் சஜனும் அச்சகத்தின் மூலையில் ஆல்பம் பார்ப்பது போல் நின்றோம். கண்ணாடியில் பொட்டு இல்லை. பசை ஒட்டிய வட்டம் மட்டும் லேசாகத் தெரிந்தது. ஷைலஜா படத்தை வைத்து மெனுவைத் திறந்தாள்.

மாமா சும்மா இருப்பாரா? "வெளிச்சம் கூட்டு... கறை நீக்கு... ஓரம் வெட்டு... சிங்கிள் கலர்... மற்றவை." நிறுத்தினார். "மற்றவைன்னா என்னது?"

ஷைலஜாவின் கை நின்றது. அண்ணாச்சி ரேடியோவின் குமிழைப் பிடித்தபடி இருந்தார். சஜன் என்னைப் பார்த்தான். நான் யாரையும் பார்க்கவில்லை.

"நமக்கு இன்னிக்கு வேண்டாதது" என்றாள் மாமி, பட்டென்று. "நீங்க போட்டோவைப் பாருங்கோ."

மாமா அந்தச் சொல்லைப் பார்த்தார். மாமியைப் பார்த்தார். "ஓஹோ" என்றார். அதற்குப் பிறகு அன்று அவர் எதையும் படிக்கவில்லை.

சிங்கிள் கலர் ஆயிற்று. "இவர் காதுல இருக்கிற மயிரைக் கொஞ்சம் எடுத்துடேன்" என்றாள் மாமி. "அது பாட்டுக்கு இருக்கட்டும்" என்றார் மாமா. இது கொஞ்ச நேரம் நடந்தது. மயிர் போயிற்று. சாயங்காலம் அச்சு முடிந்ததும், நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிப் பத்திரிகைக் கட்டை அண்ணாச்சியே கையில் கொடுத்தார்.

அவர்கள் படியிறங்கியதும் என்னைப் பார்த்து, "சொகுமாரன் சாருட்ட பில்லு போட்டுக் கொண்டாரச் சொல்லு" என்றார்.

தமிழ் மெனு நிலைத்தது, நானும் நிலைத்தேன். சதாபிஷேகத்துக்குப் போய் இரண்டு தடவை பாயசம் வாங்கிச் சாப்பிட்டேன். மாமா பந்தி நடுவில் நின்று என் சுடிதாரில் இருந்த இங்கிலீஷ் எழுத்துகளைப் படித்தார்.

அடுத்தது

அதற்குப் பிறகு சில வருடங்கள். பிளாப்பி போய்க் குறுந்தகடு வந்தது. ஊரெல்லாம் ஃபிளெக்ஸ் போர்டு வந்தது. நான் புதிய பதிப்பைக் கொண்டுபோய்க் கடைகளில் போட்டுக் கொடுக்கும் வேலையில் இருந்தேன். ஷைலஜாவுக்குக் கல்யாணமாகியும் அவள் அதே நாற்காலியில் இருந்தாள்.

ஒரு மழைக்காலத்து முற்பகல். குடையை மடக்கிக்கொண்டு மாமி தனியாகப் படியேறி வந்தாள். எங்களுக்கு விஷயம் தெரியும். போன வருடமே நடந்துவிட்டது. அப்போது எல்லோருக்கும் போனிலேயே சொல்லிவிட்டார்கள். இப்போது முதல் வருஷத் திதி, வருஷாப்திகம் வருகிறது. வருகிறவர்களுக்குக் கொடுக்க, படத்தோடு சின்னதாக ஓர் அட்டை வேண்டியிருக்கும்.

இதை மாமி சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. அண்ணாச்சி ரேடியோவைத் தணித்தார்.

மாமி ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தாள். பக்கத்து ஸ்டூல் காலியாக இருந்தது. நான் சுவரோரமாக நின்றேன்.

"அந்தப் படமே இருக்கா, கொழந்தே? அதுல அவரை மட்டும் எடுத்துக்கோ" என்றாள்.

ஷைலஜா பழைய கோப்பைத் தேடித் திறந்தாள். இருவரும் திரையில் வந்து நின்றார்கள். மாமாவின் காது சுத்தமாக இருந்தது. ஷைலஜா மெனுவைத் திறந்தாள். திறந்ததோடு சரி, அவளால் மேற்கொண்டு முடியவில்லை. கண் நிறைந்து, மவுஸ் மேலேயே கை நின்றுவிட்டது.

அப்போது மாமி படிக்க ஆரம்பித்தாள். அவள் எதையும் வாய்விட்டுப் படித்து நான் கேட்டதில்லை. மாமா படிப்பது போலவே, ஒவ்வொன்றுக்கும் நிறுத்தி, மெதுவாகப் படித்தாள்.

"வெளிச்சம் கூட்டு... கறை நீக்கு... ஓரம் வெட்டு... சிங்கிள் கலர்..."

அங்கே நின்றாள்.

"அடுத்தது, கொழந்தே" என்றாள். "அமுக்கு."

ஷைலஜா அமுக்கினாள்.